ஒரே சுவிட்ச், தனித்தனி நெட்வொர்க்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மேனேஜ்டு சுவிட்ச் (கருவிகளைக் கேபிளால் இணைக்கும், அமைப்பை நாமே மாற்றக்கூடிய பெட்டி), வீலேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) பற்றிய கேள்விகள் நிறைய இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். விலை இறங்கியதால் சின்ன லாட்ஜ், ஸ்கேன் சென்டர், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் இந்த வகை சுவிட்ச் வந்துவிட்டது. ஆனால் பெட்டியைப் பிரித்து, கேபிளைச் செருகி, பச்சை விளக்கு எரிந்ததும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா, வாடிக்கையாளர் வைஃபை எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடக்கிறது. நெட்வொர்க் வேலையிலேயே இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

கேள்வி: டேக்டு, அன்டேக்டு, பிவிஐடி மூன்றையும் படித்தேன். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் புரியவில்லை. வீலேன் எண் ஏன் 4094-க்கு மேல் போகாது என்பதையும் சொல்லுங்கள் சார்.
– பள்ளிக் கணினி ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

எண்ணிலிருந்தே தொடங்கலாம் டீச்சர். கேபிளில் தகவல் ஃபிரேம் என்ற சின்னச் சின்னப் பொட்டலமாகப் போகிறது. ஈதர்நெட் ஃபிரேமின் முன்பகுதியில் முதல் 6 பைட் போய்ச் சேரவேண்டிய மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), அடுத்த 6 பைட் அனுப்பியவரின் மேக் முகவரி. இவற்றுக்கு அடுத்தாற்போல 4 பைட்டைச் செருகினால் அதுதான் டேக். அதில் முதல் 2 பைட் ‘இது டேக் போட்ட ஃபிரேம்’ என்று அடையாளம் காட்டும், பதினாறடிமானத்தில் 8100. மீதி 2 பைட், அதாவது 16 பிட்டில், 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் ‘நெரிசல் வந்தால் இதை முதலில் கைவிடலாம்’ என்று சொல்ல, பாக்கி 12 பிட் வீலேன் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 எண்கள் வரும். 0 என்றால் வீலேன் எதுவும் குறிப்பிடவில்லை, முன்னுரிமை மட்டும்தான் என்று பொருள். 4095-ஐயும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். மிச்சம் 4094. டேக் சேர்ந்ததால் ஃபிரேமின் உச்ச நீளம் 1518 பைட்டிலிருந்து 1522 ஆனது.

இந்த அமைப்புக்கு, தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ வைத்த பெயர் 802.1கியூ, முதல் பதிப்பு 1998-இல் வந்தது. அதற்கு முன்பு கம்பெனிக்குக் கம்பெனி ஒரு முறை வைத்திருந்தார்கள். சிஸ்கோவின் ஐஎஸ்எல் அப்படி ஒன்று. யோசனை அதைவிடப் பழையது: 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்காஸ்கி செய்த வேலையிலிருந்து வந்தது.

சரி, டேக் எதற்கு? சலவைக்கடையில் பல வீட்டுத் துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைத்தாலும், ஓரத்தில் போட்ட குறியை வைத்துப் பிரித்துவிடுவார்கள் இல்லையா, அதற்குத்தான். இரண்டு சுவிட்சுக்கு நடுவே ஒரே கேபிளில் பல வீலேன் போகும்போது குறி வேண்டும். கம்ப்யூட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒரே வீலேன்தான் போகிறது. அங்கே குறி தேவையில்லை.

மாணவர்களிடம் ஒவ்வொரு போர்ட்டைப் பற்றியும் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒன்று: டேக் இல்லாத ஃபிரேம் இந்த போர்ட்டுக்குள் வந்தால் எந்த வீலேனில் சேர்ப்பது? அதற்குப் பதில்தான் பிவிஐடி. இரண்டு: ஒரு வீலேனின் ஃபிரேம் இந்த போர்ட் வழியாக வெளியே போகும்போது டேக்கோடு போகவேண்டுமா, டேக்கைக் கழற்றிவிட்டுப் போகவேண்டுமா, போகவே கூடாதா? அதற்குப் பதில்தான் சுவிட்சின் அமைப்புப் பக்கத்தில் வரும் டேக்டு, அன்டேக்டு, உறுப்பினர் இல்லை என்ற மூன்று வட்டங்கள். வருவதற்கு ஒரு விதி, போவதற்கு ஒரு விதி. கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இந்த இரண்டு கேள்விதான் ஓடுகிறது.

டேக்கைக் கண்ணால் காட்டவேண்டும் என்றால் லினக்ஸ் லேப்டாப்பை டிரங்க் போர்ட்டில் (பல வீலேன் டேக்கோடு போகும் போர்ட்) செருகி, ஃபிரேம்களைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பாருங்கள். விண்டோஸில் பெரும்பாலும் நெட்வொர்க் கார்டின் டிரைவரே டேக்கைக் கழற்றிவிடும், அங்கே தேடினால் கிடைக்காது.

கேள்வி: எங்கள் லாட்ஜில் தங்க வந்த ஒருவர், தன் போனில் ரிசப்ஷன் பிரிண்டர் பெயர் தெரிகிறது என்று காட்டினார். பயந்துபோய் 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் வாங்கி, ஆபீசுக்கு வீலேன் 10, கேமராவுக்கு 20, விருந்தினர் வைஃபைக்கு 30 போட்டேன். கேமரா நன்றாக ஓடுகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நெட் வருகிறது. விருந்தினர் வைஃபை மட்டும் ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்றே நிற்கிறது. என்விஆரையும் (கேமரா பதிவுப் பெட்டி) ஆபீசிலிருந்து பார்க்க முடியவில்லை. ரவுட்டர், ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டிதான். சுவிட்ச் பழுதா?
– லாட்ஜ் நடத்துபவர், பழனி

சுவிட்ச் பழுதில்லை. சொல்லப்போனால் அது சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறது. நீங்கள் எழுதிய அறிகுறிகளே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன.

கேமராவும் என்விஆரும் ஒரே வீலேன் 20-இல் இருக்கின்றன. ஒரே வீலேனுக்குள் பேச ரவுட்டர் வேண்டாம், அதனால் ஓடுகிறது. ஆபீசில் நெட் வருவதால், ரவுட்டர் செருகிய போர்ட்டை வீலேன் 10-இல் அன்டேக்டாகவும் பிவிஐடி 10 ஆகவும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ரவுட்டர் இருப்பது வீலேன் 10-இல் மட்டும். 30-இல் இருக்கும் போன் ‘யாராவது எனக்கு ஐபி கொடுங்கள்’ என்று கத்துகிறது. அந்த வீலேனில் பதில் சொல்ல ஆளே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரும் என்விஆரும் வேறு வேறு வீலேன். நடுவில் வழிவிட ஒரு ரவுட்டர் இருந்தால்தான் பார்க்க முடியும்.

இந்த இடத்தில் பலர் ஒரு குறுக்குவழி போடுவார்கள்: ரவுட்டர் போர்ட்டை 10, 20, 30 மூன்றிலும் அன்டேக்டு ஆக்கிவிடுவது. வேண்டாம். அந்த இரண்டு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விருந்தினர் போனின் கோரிக்கை ரவுட்டருக்குப் போய்விடும். ஆனால் ரவுட்டரின் பதிலில் டேக் கிடையாது, பிவிஐடி 10 என்பதால் அது ஆபீஸ் வீலேனுக்குள் போய் விழும். போன் பழையபடி காத்துக்கொண்டே இருக்கும். போன் இருக்கும் போர்ட்டையும் 10-இல் சேர்த்தால் நெட் வந்துவிடும், ஆனால் பிரித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது டேக்கைப் புரிந்துகொள்ளும் ஒரு ரவுட்டர். ஃபைபர் கம்பெனிகள் வீட்டுக்குக் கொடுக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் உள்பக்கத்துக்கு அந்த வசதி இருக்காது. அதைக் கழற்ற வேண்டாம். அதன் லேன் (உள்பக்க) போர்ட்டிலிருந்து புது ரவுட்டரின் வேன் (இணையப் பக்க) போர்ட்டுக்கு ஒரு கேபிள் போடுங்கள். மைக்ரோடிக் கம்பெனியின் சின்ன ரவுட்டர் மாடல்களே உங்கள் லாட்ஜுக்குப் போதும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரவுட்டர் கையில் இருந்தால் அதுவும் சரி. அதில் வீலேன் 10, 20, 30 ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடுங்கள்: 192.168.10.1, 192.168.20.1, 192.168.30.1. மூன்றாம் எண்ணே வீலேன் எண்ணாக இருந்தால், ஒரு ஐபியைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். கூடவே சுவிட்ச், ஆக்ஸஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) ஆகியவற்றின் நிர்வாகத்துக்கு மட்டும் வீலேன் 99 ஒன்று வையுங்கள். அதற்கு 192.168.99.1. நான்குக்கும் தனித்தனி டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை).

அப்புறம் சுவிட்ச். திரையில் கை வைப்பதற்கு முன் ஒரு ஏ4 தாளில் 24 கட்டம் போட்டு, எந்த போர்ட்டில் எது என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ளபடி நான் போட்டுப் பார்த்தது இது. போர்ட் 1 ரவுட்டருக்கு, போர்ட் 24 மாடி சுவிட்சுக்கு: இரண்டிலும் 10, 20, 30, 99 நான்கும் டேக்டு. போர்ட் 2 முதல் 5 வரை ரிசப்ஷன் கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்: 10-இல் அன்டேக்டு, பிவிஐடி 10. போர்ட் 6 முதல் 18 வரை கேமராக்களும் என்விஆரும்: 20-இல் அன்டேக்டு, பிவிஐடி 20. போர்ட் 19 முதல் 22 வரை வைஃபை ஆக்ஸஸ் பாயின்ட்கள். இவை மட்டும் கலவை: 99-இல் அன்டேக்டு, பிவிஐடி 99, 10-உம் 30-உம் டேக்டு. ஆக்ஸஸ் பாயின்ட்டின் அமைப்பில் ஊழியர் வைஃபை பெயருக்கு 10, விருந்தினர் வைஃபை பெயருக்கு 30 என்று எண்ணைக் கொடுக்கவேண்டும். கொடுக்க மறந்தால் அந்த வைஃபையின் ஃபிரேம்கள் டேக் இல்லாமல் வந்து நேராக நிர்வாக வீலேனில் விழும். விருந்தினரை அங்கே விடக்கூடாது. போர்ட் 23-ஐ யாருக்கும் கொடுக்காதீர்கள். 99-இல் அன்டேக்டாக, உங்கள் லேப்டாப்புக்கு மட்டும்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் வீலேன்களை உருவாக்குங்கள். உருவாக்குவதால் மட்டும் எதுவும் மாறாது. அடுத்து போர்ட் 23-ஐத் தயார்செய்து, சுவிட்சின் நிர்வாகத்தை 99-க்கு மாற்றுங்கள். அந்த நொடியே திரை அறுந்துவிடும், பதற வேண்டாம். லேப்டாப்பை 23-இல் செருகி, 192.168.99.5 என்று ஐபியைக் கையால் போட்டு, சுவிட்சின் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால்தான் மற்ற போர்ட்டுகளைத் தொடவேண்டும். மாடி சுவிட்சை முதலில் முடித்துவிட்டுக் கீழே வாருங்கள். கீழே முதலில் மாற்றினால் மாடி உங்கள் கைக்கு எட்டாமல் போய்விடும். எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, பழைய வீலேன் 1-இலிருந்து போர்ட்டுகளை எடுத்துவிடுங்கள்.

விலை குறைந்த சுவிட்சுகளின் வலைப்பக்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். போர்ட் வரிசையும் டேக்டு, அன்டேக்டு வட்டங்களும் ஒரு பக்கத்தில் இருக்கும். பிவிஐடி வேறொரு மெனுவில் தனியாக ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தை நிரப்பி ‘அப்ளை’ அழுத்தியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் பிவிஐடி இன்னும் 1 என்றே நிற்கும். அப்போது கேமராவின் ஃபிரேம் வீலேன் 1-க்குள் போகும், 20-இன் ஃபிரேம் கேமராவுக்கு வரும். பாதி வழி மட்டும் திறந்த நிலை. விளக்கு எரியும், எதுவும் வேலை செய்யாது. போர்ட் ஒவ்வொன்றுக்கும் பிவிஐடியை வாய்விட்டுப் படித்துத் தாளோடு ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் பிரிண்டர் இன்னும் பாதுகாப்பாக இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். வீலேன்களைச் சுவிட்ச் பிரிக்கிறது. ரவுட்டர் அவற்றை மறுபடி சேர்க்கிறது. புது ரவுட்டரில் பொதுவாக எல்லா நெட்வொர்க்கும் ஒன்றோடொன்று பேசலாம் என்பதுதான் இயல்புநிலை. 30-இல் இருக்கும் போன் 192.168.10 என்று தொடங்கும் முகவரிக்குத் தாராளமாகப் போய்விடும். தடுக்கும் விதிகளை நீங்கள்தான் எழுதவேண்டும். ஏற்கெனவே தொடங்கிய உரையாடலின் பதில்களை அனுமதிப்பது முதல் விதி. ஆபீசிலிருந்து என்விஆருக்கு அனுமதி. ஆபீசிலிருந்தும் விருந்தினரிடமிருந்தும் இணையத்துக்கு அனுமதி. உங்கள் போனில் கேமரா பார்க்க என்விஆர் ஒன்றுக்கு மட்டும் இணையம். கேமராக்களுக்கு இணையமே வேண்டாம், நேரத்தைக்கூட என்விஆரிடமிருந்து வாங்கிக்கொள்ளட்டும். 99-க்குள் ஆபீசிலிருந்து உங்கள் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் போகட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் தடை. கடைசியாக, விருந்தினர் போனிலிருந்து 192.168.30.1 என்று அடித்தால் ரவுட்டரின் லாகின் பக்கம் திறக்கும். அதையும் மூடுங்கள். டிஎச்சிபியும் டிஎன்எஸும் (இணையதளப் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) தவிர விருந்தினருக்கு ரவுட்டரிடம் வேறு வேலை இல்லை.

விருந்தினர்கள் எல்லாரும் வீலேன் 30-க்குள்ளேயே இருப்பதால், ஒரு அறைக்காரர் போன் இன்னொரு அறைக்காரர் லேப்டாப்பைப் பார்க்கலாம். அதை ரவுட்டர் தடுக்க முடியாது, அந்த ஃபிரேம் ரவுட்டருக்கே வருவதில்லை. ஆக்ஸஸ் பாயின்ட்டில் ‘கிளையன்ட் ஐசோலேஷன்’ என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போடுங்கள். இரண்டு ஆக்ஸஸ் பாயின்ட்டுக்கு நடுவிலும் தடுக்க, சுவிட்சில் போர்ட் ஐசோலேஷன் இருந்தால் 19 முதல் 22 வரை அதையும் போடலாம்.

இன்னொன்று, உங்கள் ஊருக்காகவே சொல்கிறேன். 192.168.30 என்ற வரிசையில் 254 முகவரிதான். ஒன்று ரவுட்டருக்குப் போய்விடும். டிஎச்சிபி வாடகை (கொடுத்த முகவரி செல்லுபடியாகும் காலம்) 24 மணி நேரம் என்று இருந்தால், காலையில் அறையைக் காலிசெய்து போனவரின் போனுக்கும் மறுநாள் வரை முகவரி ஒதுக்கப்பட்டே இருக்கும். தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் அறைக்கு நாலைந்து பேர், ஆளுக்கு ஒரு போன் என்று மாறிக்கொண்டே இருந்தால் முகவரி தீர்ந்து, அதே ‘ஐபி முகவரி பெறுகிறது’ திரும்ப வரும். விருந்தினர் வீலேனுக்கு மட்டும் வாடகையை 2 மணி நேரமாகக் குறையுங்கள்.

சோதிக்கும்போது லேப்டாப்பை ஒவ்வொரு வகை போர்ட்டிலும் செருகி ஐபியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி பதில் வரவில்லை. தாளுக்குத் திரும்பிப் போங்கள். பிறகு விருந்தினர் வைஃபையில் போனை இணைத்து, பிரிண்டரின் ஐபியையும் என்விஆரின் ஐபியையும் பிரவுசரில் அடியுங்கள். இரண்டும் திறக்கக்கூடாது. அந்த ஏ4 தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் டெக்னீஷியன் நன்றி சொல்வார்.

கேள்வி: சிஸ்கோ சுவிட்சில் இருக்கும் டிரங்கில் வீலேன் 40-ஐ அனுமதித்தேன். உடனே மற்ற துறைகள் எல்லாம் அறுந்துவிட்டன. ஏன்?
– மில் ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலேன் 40’ என்று அடித்திருப்பீர்கள். அது பட்டியலில் சேர்ப்பதில்லை, பழைய பட்டியலை அழித்துவிட்டு 40-ஐ மட்டும் வைக்கிறது. ‘அலவ்ட் வீலேன் ஆட் 40’ என்று ‘ஆட்’ சேர்த்து அடிக்கவேண்டும். தொலைவில் இருக்கும் சுவிட்சில் இப்படி வேலை செய்யும்போது, முதலில் ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவிடுங்கள். தொடர்பு அறுந்து உள்ளே போக முடியாமல் போனால், 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கம் ஆகி, சேமித்த பழைய அமைப்போடு எழுந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால் மறக்காமல் ‘ரீலோட் கேன்சல்’. மைக்ரோடிக்கில் இதே உதவிக்கு ‘சேஃப் மோட்’ இருக்கிறது.

உங்கள் மில்லில் எச்பி சுவிட்சும் இருப்பதாக எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. எச்பி புரோகர்வ் வகையில் ‘டிரங்க்’ என்றால் பல கேபிளை ஒன்றாகக் கட்டுவது. சிஸ்கோவில் அதன் பெயர் ஈதர்சேனல். சிஸ்கோ டிரங்குக்கு எதிரே எச்பியில் நீங்கள் செய்யவேண்டியது, அந்த போர்ட்டை வேண்டிய வீலேன்களில் டேக்டு ஆக்குவதுதான். நேட்டிவ் வீலேன் (டிரங்கில் டேக் இல்லாமல் போகும் வீலேன்) எண்ணும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் டேக் இல்லாமல் வருவதை இந்தப் பக்கம் எதில் சேர்ப்பது என்ற அதே முதல் கேள்விதான்.

கேள்வி: மேனேஜ்டு சுவிட்சுக்குக் கீழே ஒரு சாதாரண 5 போர்ட் சுவிட்ச் மாட்டலாமா?
– ஸ்கேன் சென்டர் மேலாளர், தூத்துக்குடி

ஒரே வீலேனில் அன்டேக்டாக இருக்கும் போர்ட்டில் தாராளமாக மாட்டலாம். அந்த ஐந்தில் செருகும் எல்லாமே அதே வீலேனில் சேரும், அவ்வளவுதான். டிரங்க் போர்ட்டில் மாட்டாதீர்கள். சாதாரண சுவிட்ச் டேக்கைப் படிக்காது, வந்த ஃபிரேமை டேக்கோடு அப்படியே அனுப்பிவிடும். அதில் செருகும் எவரும் தன் கம்ப்யூட்டரில் வீலேன் எண்ணைப் போட்டு எந்த நெட்வொர்க்குக்குள்ளும் நுழையலாம். நோயாளிகளின் அறிக்கை ஓடும் இடம் உங்களுடையது. மேனேஜ்டு சுவிட்சில் லூப் கண்டறியும் வசதியையும் போட்டுவையுங்கள். கூட்டும்போது கழன்ற கேபிளின் இரண்டு முனையையும் யாராவது அந்தச் சின்ன சுவிட்சிலேயே செருகிவிட்டால் சென்டர் முழுக்க நின்றுவிடும்.

கேள்வி: புது ரவுட்டர் வாங்கினேன். இணைய அமைப்பில் ‘வீலேன் ஐடி’ கேட்கிறது. என்ன போடுவது?
– வாசகர், தஞ்சாவூர்

இது உங்கள் வீட்டு வீலேன் இல்லை, சேவை தருபவருடையது. ஃபைபரில் இணையத்தையும் தொலைபேசியையும் அவர்கள் தனித்தனி வீலேனில் அனுப்புவது வழக்கம். எண் இடத்துக்கு இடம் மாறும். வேறு ஊர் நண்பர் சொன்னதைப் போடாமல், உங்கள் பகுதி அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது பழைய பெட்டியின் வேன் பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய பெட்டியை ரீசெட் செய்யும் முன் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் வீலேன் அமைப்பு எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடுகிறது. யுபிஎஸ் போட்டால் சரியாகுமா?
– அச்சகம் நடத்துபவர், சிவகாசி

யுபிஎஸ் நல்லதுதான், ஆனால் இதற்கு மருந்து அது இல்லை. சுவிட்சில் இப்போது ஓடும் அமைப்பு தற்காலிக நினைவகத்திலும், அடுத்த முறை எழும்போது படிக்கும் அமைப்பு நிரந்தர நினைவகத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. ‘அப்ளை’ பொத்தான் முதலாவதை மட்டும் மாற்றுகிறது. மேல் மூலையிலோ ‘சிஸ்டம்’ மெனுவிலோ ‘சேவ் கான்ஃபிக்’ என்று தனியாக இருக்கும், அதை அழுத்துங்கள். கட்டளை வரியில் என்றால் ‘ரைட் மெமரி’. சேமித்த பிறகு, வேலை இல்லாத நேரமாகப் பார்த்து நீங்களே ஒருமுறை கரண்டை நிறுத்திப் போட்டுச் சோதியுங்கள். அமைப்பு நின்றால், ‘பேக்கப்’ கொடுத்து அந்தக் கோப்பைத் தேதி போட்ட பெயரில் பென்டிரைவில் எடுத்துவையுங்கள். சுவிட்சே புகைந்துபோனாலும், அதே மாடலில் வேறொன்று வாங்கி இந்தக் கோப்பை ஏற்றினால் அரைமணி நேரத்தில் அச்சு ஓடத் தொடங்கிவிடும்.